சுகர், பிபி, கிட்னி ஆராய்ச்சிக்கு மதுரையில ஒரு மையம்: ஜிஎச் பக்கமா, கேம்பஸ்லயா, உசிலம்பட்டி ரோட்லயா?

எங்க பழைய ப்ராஜெக்ட் ஆளுங்க ரெண்டு பேரு போன வாரம் போன் பண்ணாங்க. பல்கலைக்கழகம் மூலமா நாள்பட்ட நோய்களுக்குனு தனியா ஒரு ஆராய்ச்சி மையம் கேட்டு ப்ரொபோசல் எழுதப் போறாங்களாம், சுகர், பிபி, கிட்னி, இதயம் எல்லாம் சேத்து. மையத்த எங்க வைக்கிறதுனு மட்டும் முடிவாகல, ஆளுக்கு ஒரு எடம் சொல்றாங்க, நீ ஃபீல்டுல கெடந்தவளாச்சே உனக்கு என்ன தோணுதுனு கேட்டாங்க. போன்ல சொல்லி மாளல. பதினாலு வருசம் ஐஸ் பாக்ஸத் தூக்கிட்டு ஊர் ஊரா போய் ரத்தம் எடுத்தவ நான், அதனால மனசுல உள்ளத எழுதியே வச்சுடுறேன், அவங்களுக்கும் அனுப்புவேன், இந்த மாதிரி முடிவு எடுக்க வேண்டிய எடத்துல இருக்குற வேற யாருக்காவதும் உதவட்டும்.

பேச்சுல இருக்குறது மூணு எடம். ஒண்ணு கோரிப்பாளையம், அதாவது ஜிஎச்னு சொல்ற ராஜாஜி அரசு ஆஸ்பத்திரியும் மதுரை மெடிக்கல் காலேஜும் இருக்குற பக்கம். ரெண்டாவது தேனி ரோட்ல நாகமலை புதுக்கோட்டை தாண்டி பல்கலை நகர்ல இருக்குற காமராசர் பல்கலைக்கழக கேம்பஸ். மூணாவது அதே தேனி ரோட்ல இன்னும் மேக்கால போய் செக்கானூரணி, கருமாத்தூர், உசிலம்பட்டினு கிராமத்துக்குள்ளயே. தோப்பூர் எய்ம்ஸ் பக்கத்துல வச்சா என்னனு நாலாவதா ஒருத்தர் கேட்டாராம். அதுக்கு 2019ல அடிக்கல் நாட்டுனாங்க, அது முழுசா ஓட ஆரம்பிச்சதும் கூட்டு சேந்துக்கலாம், அதுக்காக இப்ப காத்துக்கிட்டு இருக்க வேண்டியதில்ல, அவ்வளவுதான் அதப் பத்தி.

எடத்தப் பாக்குறதுக்கு முன்னாடி இது என்ன மாதிரி வேலைங்கறதப் பாக்கணும். காய்ச்சல், வாந்திபேதினா இன்னைக்கு வந்து ஒரு வாரத்துல தெரிஞ்சுரும். சுகரும் பிபியும் அப்படி இல்ல, பத்து இருபது வருசமா உள்ளுக்குள்ளயே ஓடி அப்புறமா கண்ணு, காலு, கிட்னினு வெளிய வரும். அதனால ஒரே ஆள திரும்பத் திரும்ப பாக்கணும், இன்னைக்கு நல்லா இருக்குறவர அஞ்சு வருசம் கழிச்சும் பாக்கணும், பத்து வருசம் கழிச்சும் பாக்கணும். அமெரிக்காவுல ஃப்ரேமிங்ஹாம்னு ஒரு சின்ன ஊரு, 1948ல அந்த ஊரு ஆளுங்க 5,209 பேர எழுதி வச்சு ரெண்டு வருசத்துக்கு ஒரு தடவ கூப்புட்டுப் பாத்தாங்க, 1971ல அவங்க புள்ளைங்களச் சேத்தாங்க, 2002ல பேரப்புள்ளைங்கள. பிபி, கொழுப்பு, சிகரெட் இதெல்லாம் மாரடைப்புக்குக் காரணம்னு இன்னைக்கு எல்லாரும் சாதாரணமா பேசுறதுல பெரும்பங்கு அந்த ஊருல இருந்து வந்ததுதான். நம்ம பக்கமும் ஆள் இல்லாம இல்ல, வேலூர்ல 1969லருந்து 1973 வரைக்கும் பொறந்த குழந்தைங்கள பெரியவங்க ஆனப்புறமும் தேடிப் போய்ப் பாத்துருக்காங்க, சென்னையில 2001ல ஆரம்பிச்ச க்யூர்ஸ்ங்கற சுகர் ஆய்வுல 26,001 பேரச் சேத்தாங்க. மத்திய அரசோட மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐசிஎம்ஆர் நடத்தி 2023ல வந்த இந்தியாப்ங்கற ஆய்வுப்படி நாட்டுல 10 கோடியே 10 லட்சம் பேருக்கு சுகர், இன்னும் 13 கோடியே 60 லட்சம் பேரு வர்ற எல்லைக்கோட்டுல. அது ரொம்பப் பெரிய வேலை, ஆனா ஒரு நாள் எடுத்த போட்டோ மாதிரி, யாருக்கு எப்படி வந்துச்சு யாரு தப்பிச்சாங்கங்கறது போட்டோவுல தெரியாது. மதுரையில மையம் வைக்கிறோம்னா நம்ம ஊரு ஆளுங்கள வருசக்கணக்கா தொடர்ந்து பாக்குறதுக்கு வைக்கணும், இல்லனா ஏற்கனவே இருக்குற எடத்துலயே வேலையப் பாத்துக்கலாம்.

சரி, மொத எடம், ஜிஎச். எனக்கு அந்த எடத்து மேல பெரிய மரியாதை உண்டு. மெடிக்கல் காலேஜ் 1954ல இருந்து இருக்கு, தேனி, திண்டுக்கல், விருதுநகர், சிவகங்கை, ராமநாதபுரம்னு தென்மாவட்டமே அங்கதான் வந்து இறங்குது. ஸ்பெஷலிஸ்ட் டாக்டருங்க, டயாலிசிஸ், பயாப்சி, படிச்ச பிஜி புள்ளைங்க எல்லாம் ஒரே எடத்துல. ஒரு மாசத்துல ஐநூறு சுகர் பேஷண்ட் வேணும்னா அங்க ஒரு டேபிளப் போட்டு உக்காந்தாலே போதும். மருந்து எது வேலை செய்யுது, காலு புண்ணுக்கு எந்த ட்ரெஸ்ஸிங் நல்லதுங்கற மாதிரி ஆராய்ச்சிக்கு இதவிட நல்ல எடம் கெடையாது.

ஆனா ஆஸ்பத்திரி வாசல்ல உக்காந்து ஊரோட உடம்ப அளக்க முடியாது. அங்க வர்றது ஏற்கனவே முத்திப்போனவங்க, இல்லனா வர்றதுக்கு பஸ் காசும் கூட ஒரு ஆளும் இருக்குறவங்க. சுகரும் பிபியும் ரெண்டும் இருக்குறவங்கதான் ஒண்ணு மட்டும் இருக்குறவங்கள விட அதிகமா ஆஸ்பத்திரிக்கு வருவாங்க, அந்தக் கணக்க வச்சு ரெண்டும் சேந்துதான் வரும்னு எழுதுனா தப்பாப் போகும். எங்க மாமனாரு கதை எனக்கு இதுல எப்பவும் ஞாபகம் வரும். செங்கல் சூளையில இருபத்தஞ்சு வருசம் வேலை, சுகர் இல்ல, பிபி இல்ல, சாப்பாடு எறங்கல காலு வீங்குதுனு மொத மொத டாக்டர்ட்ட கூட்டிட்டுப் போனப்ப, கிட்னி கெட்டா ரத்தத்துல ஏறுற கிரியாட்டினின் 6க்கு மேல, இருக்க வேண்டியதவிட பல மடங்கு. அவரு ஆஸ்பத்திரி கணக்குக்குள்ள வந்ததே கிட்னி போனதுக்கு அப்புறம்தான். எப்ப ஆரம்பிச்சுச்சு, வெயில்ல தண்ணி குடிக்காம வேலை பாத்ததுலயா, குடிச்ச தண்ணியிலயா, வலி மாத்திரையிலயானு யாருக்கும் சொல்ல வழியில்ல, ஏன்னா அவருக்கு நல்லா இருந்த காலத்துல யாரும் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பாக்கல.

இந்த காரணம் தெரியாத கிட்னி நோய் உலகத்துல பல எடத்துல இருக்கு. எல் சால்வடார், நிகராகுவாவுல கரும்பு வெட்டுறவங்களுக்கு, இலங்கையில வடமத்திய மாகாணத்து விவசாயிங்களுக்கு, ஆந்திராவுல ஸ்ரீகாகுளம் பக்கம் உத்தானத்துல. வெயிலுல ஒடம்பு வத்திப்போறது, பூச்சிமருந்து, தண்ணியில கலந்துருக்குறதுனு பல சந்தேகம், இன்னும் சண்டை ஓயல. நம்மகிட்ட கரும்பு வெட்டுறவங்க இருக்காங்க, சூளை இருக்கு, மேலூர் பக்கம் கல்லு ஒடைக்கிற வேலை இருக்கு, அதனால இங்க வைக்கிற மையம் கிட்னிய ஓரமா வைக்கக் கூடாதுங்கறது என் கருத்து. இதுல ஒரு விசயம் கவனிக்கணும், கிரியாட்டினின் ஒரு தடவ ஏறியிருந்தா கிட்னி நோய்னு எழுத முடியாது, மூணு மாசத்துக்கு மேல அப்படியே நீடிச்சாத்தான் நாள்பட்டது. நாள் பூரா வெயில்ல மம்பட்டி பிடிச்சவருக்கு சாயங்காலம் எடுத்தா ஏறியிருக்கலாம், ஓய்வெடுத்தா எறங்கிரலாம். ஆக மூணு மாசம் கழிச்சு அதே ஆள் வீட்டு வாசல்ல போய் நிக்கணும், ஒரு நாள் கேம்ப் போட்டு இதக் கண்டுபிடிக்கவே முடியாது.

ரெண்டாவது எடம், கேம்பஸ். காமராசர் பல்கலைக்கழகம் 1966ல இருந்து இருக்கு, இதுக்குனு அங்க ஒரு பாரம்பரியமும் இருக்கு, நம்ம ஆளுங்களே மறந்துட்டாங்க. உடம்புக்குள்ள ஓடுற கடிகாரத்தப் பத்தி எம்.கே. சந்திரசேகரன் சார் அங்கதான் ஆராய்ச்சி பண்ணாரு, சமணர் மலை குகையில வௌவாலப் பாத்தாங்க, வெளிச்சம் மணி எதுவும் தெரியாத பங்கர் கட்டி மனுசங்கள உள்ள தங்க வச்சு தூக்கம் எப்படி நகருதுனு பாத்தாங்க. பிச்சப்பன் சார் குழு உசிலம்பட்டி பக்கம் ஜோதிமாணிக்கம் கிராமத்துல எடுத்த ரத்தத்துலதான் எம்130ங்கற ரொம்பப் பழைய மரபணு அடையாளம் கெடச்சுச்சு, ஆப்பிரிக்காவுல இருந்து ஆஸ்திரேலியா வரைக்கும் போன மனுசங்களோட பாதை. ஊருக்குள்ள போய் ரத்தம் எடுத்து லேப்ல பாக்குற வேலை அந்த கேம்பஸுக்குப் புதுசு இல்ல. எடம் நெறைய இருக்கு, வாடகை இல்ல, பயோகெமிஸ்ட்ரி, புள்ளியியல், சமூகவியல் எல்லாம் நடந்து போற தூரம், பிஎச்டி பசங்க இருக்காங்க.

குறை என்னனா பேஷண்ட் அங்க வர மாட்டாங்க. நகரத்துல இருந்து பதிமூணு கிலோமீட்டர், ஆரப்பாளையத்துல பஸ் ஏறி எறங்கி கேட்டுல இருந்து உள்ள நடக்கணும், வெறும் வயித்தோட அறுபது வயசு ஆள அப்படி வரச் சொல்றது நியாயமே இல்ல. இன்னொண்ணு, கேம்பஸ்னு சொன்னவுடனே பட்ஜெட் பூரா கட்டடத்துக்கும் மெஷினுக்கும் போயிரும். நான் இத கண்ணால பாத்துருக்கேன், எந்த எடம்னு சொல்ல விரும்பல, ஜீன் படிக்கிற பெரிய மெஷின் வந்து எறங்குச்சு, அத ஓட்டத் தேவையான கெமிக்கலுக்கு ரெண்டாம் வருசம் காசு இல்ல, அதே நேரத்துல ஃபீல்டு ஸ்டாஃப் எங்களுக்கு பதினோரு மாச கான்ட்ராக்ட், ஒரு மாசம் பிரேக்.

அதே எடத்துலதான் அந்த தீபாவளியும். சனி ஞாயிறு சேந்து நாலு நாள் லீவு, ரத்த சாம்பிள் வைக்கிற மைனஸ் 80 டிகிரி ஃப்ரீசர் இருந்த ரூமுக்கு கரண்ட் போயிருக்கு, ஜெனரேட்டர் இருந்துச்சு, டீசல் போட ஆள் இல்ல, அலாரம் யாரும் இல்லாத ரூம்ல அடிச்சு அடிச்சு நின்னுருச்சு. செவ்வாக்கெழம காலையில நான்தான் மொதல்ல கதவத் தொறந்தேன். தரையெல்லாம் தண்ணி. பெட்டிய எடுத்தா உள்ள குட்டி ட்யூபெல்லாம் சொதசொதனு, ஸ்டிக்கர் ஊறி பேரு நம்பரு கலைஞ்சு போய் கெடந்துச்சு. ஒவ்வொரு நம்பரும் எனக்கு ஒரு வீடு, அது இந்த வீட்டு மதினி இது அந்த அண்ணேன்னு தெரியும், மூணு வருசம் நடந்து சேத்தது. அன்னைக்கு அழுதத இன்னும் மறக்கல.

மூணாவது எடம் கிராமம். இதுல எனக்கு சொல்ல நெறைய இருக்கு, ஏன்னா இத நல்லதுனு சொல்றவங்களும் சும்மா ஊருக்குள்ள வச்சா ஜனங்க வந்துருவாங்கனு நெனைக்கிறாங்க.

செல்லம்பட்டி பக்கம் ஒரு ஊருல நாங்க வெறும் வயித்து ரத்தம் எடுக்க காலையில ஏழு மணிக்கு சாவடியில டேபிள் போட்டோம். ஆம்பளைங்க வந்தாங்க, கெழவிங்க வந்தாங்க, முப்பதுலருந்து அம்பது வயசு பொம்பளைங்க ஒருத்தரும் இல்ல. மூணு நாள் அப்படியே. அப்புறம்தான் ஒரு அப்பத்தா சொன்னுச்சு, "அவளுக எல்லாம் மல்லி எடுக்கப் போயிட்டாளுக தாயி, நீங்க வர்ற நேரத்துக்கு பூ மார்க்கெட்டுக்கே போயிருக்கும்". மல்லிகை மொட்டு விடியறதுக்கு முன்னாடி எடுக்கணும், ரெண்டரை மூணு மணிக்கு எந்திரிச்சு நெத்தியில லைட்டக் கட்டிக்கிட்டு போறாங்க, போறதுக்கு முன்னாடி ஒரு கிளாஸ் டீ சக்கரை போட்டு, பாதி எடுக்கையில இன்னொரு டீ. அவங்களுக்கு வெறும் வயிறுங்கறது எத்தன மணி? கடைசியில நாங்க ராத்திரி ரெண்டு மணிக்கு ஊருல போய் நின்னோம், டீக்கு முன்னாடி வாசல்ல உக்கார வச்சு டார்ச் வெளிச்சத்துல எடுத்தோம், ஒரே வாரத்துல எழுபது பேரு. கேம்பஸ்ல பங்கர் கட்டி தூக்கம் மாறுறதப் பாத்தாங்கனு சொன்னேனே, இங்க வருசம் பூரா ராத்திரி ரெண்டரைக்கு எந்திரிக்கிற ஆயிரக்கணக்கான பொம்பளைங்க அதே ரோட்ல இருக்காங்க. நைட் ஷிஃப்ட் பாக்குறவங்களுக்கு சுகர் அதிகமா வருதுனு உலகம் பூரா எழுதிக்கிட்டு இருக்காங்க, பூ எடுக்குறவங்கள யாரு பாக்குறது? மதுரை மையத்துக்கு இதவிட சொந்தமான கேள்வி எனக்குத் தெரியல.

ரத்தத்தோட கணக்கும் எடத்த முடிவு பண்ணும். ட்யூப்ல எடுத்த ரத்தத்துல செல்லுங்க உசுரோடதான் இருக்கும், சக்கரைய அதுபாட்டுக்குத் தின்னுக்கிட்டே இருக்கும், சாதாரண சூட்டுலயே மணிக்கு 5லருந்து 7 சதவீதம் எறங்கும், நம்ம ஊரு சித்திரை வெயில்ல இன்னும் வேகம். சாம்பல் மூடி ட்யூப்ல அதத் தடுக்குற ஃப்ளோரைடு இருக்கு, ஆனா அது முழுசா வேலை செய்யவே ஒரு மணி ரெண்டு மணி ஆகும். ஆக எடுத்த அரை மணிக்குள்ள ஐஸ்ல வச்சு, செல்லத் தனியாப் பிரிக்கிற சென்ட்ரிஃபியூஜ் மெஷின்ல சுத்திரணும். உசிலம்பட்டியில எடுத்து கோரிப்பாளையம் வரைக்கும் பஸ்ஸுல கொண்டு போனா சுகர் இருக்குறவருக்கே இல்லனு வந்துரலாம். அப்ப மூணு மாச சராசரி காட்டுற எச்பிஏ1சி மட்டும் போதாதானு கேப்பாங்க, அது ஃப்ரிட்ஜ்ல சில நாள் தாங்கும் உண்மைதான், ஆனா இரும்புச்சத்து கொறஞ்ச ரத்தசோகை இருந்தா அது கூட்டிக் காட்டும், நம்ம பொம்பளைங்கள்ல ரத்தசோகை இல்லாதவங்க எத்தன பேரு? ரெண்டையும் சேத்துத்தான் பாக்கணும், அதுக்கு ஊருக்குள்ளயே சென்ட்ரிஃபியூஜும் ஃப்ரிட்ஜும் உள்ள ஒரு ரூம் வேணும்.

கிராமத்தோட பெரிய கஷ்டம் ஆளுங்க ஊருல இருக்க மாட்டாங்க. திருப்பூர், கேரளா, முறுக்குப் போட ஆந்திரா மகாராஷ்டிரானு பாதி வீடு பூட்டிக் கெடக்கும், போன் நம்பரு ஆறு மாசத்துல மாறிரும். மொத வருசம் நாலுல ஒருத்தர எங்களால பிடிக்க முடியல. ஆனா மாசிப் பச்சைக்கு வருவாங்க. பாப்பாபட்டி ஒச்சாண்டம்மன் கோவிலாகட்டும் கருமாத்தூர் கோவில்களாகட்டும், சிவராத்திரிக்கு எங்க இருந்தாலும் குலசாமி கும்புட வந்துருவாங்க, அந்த ஒரு வாரத்துல வருசம் பூரா தேடுனவங்க எல்லாரும் ஒரே தெருவுல நிப்பாங்க. ஃபாலோ-அப் தேதிய ஏப்ரல் மார்ச்னு ஆபீஸ் வருசத்துக்குப் போடாம மாசி சிவராத்திரிக்கும் பொங்கலுக்கும் போட்டா பாதிப் பிரச்சன தீரும். கும்புட்டு முடிச்ச மறுநா போகணும், கறிசோறு சாப்பிட்ட அன்னைக்கு ரத்தம் எடுத்து ட்ரைகிளிசரைடுங்கற ரத்தக் கொழுப்பப் பாத்துட்டு பயந்துரக் கூடாது.

இன்னொரு கஷ்டம் நம்பிக்கை. எங்களுக்கு முன்னாடி ஒரு குழு வந்து ரத்தம் எடுத்துட்டுப் போயிருக்காங்க, ரிப்போர்ட் குடுக்கவே இல்ல. நான் போய் உக்காந்ததும் ஒரு அப்பத்தா கேட்டுச்சு, "போன தடவ ரெண்டு குப்பி எடுத்தீகளே, அதுல என்ன இருந்துச்சுனு சொல்லிட்டு இப்ப எடு தாயி". என்கிட்ட பதில் இல்ல. அன்னைக்கு எடுக்காம எந்திரிச்சு வந்துட்டேன். அப்புறம் எங்க ஆபீஸ்ல சண்டை போட்டு பத்து நாளுக்குள்ள ரிப்போர்ட் வீட்டுக்குப் போகணும், தமிழ்ல இருக்கணும், அதிகமா இருந்தா எந்த நாள் எந்த ஆஸ்பத்திரி எந்த ரூம்னு எழுதியிருக்கணும்னு கொண்டு வந்தோம். அதுக்கப்புறம் அந்த அப்பத்தாவே தெருவுல ஆளக் கூட்டி வரும்.

2021ல இருந்து மக்களைத் தேடி மருத்துவத்துல மாத்திரை வீட்டுக்கே வருது, அந்த தன்னார்வலர் அக்காங்களுக்கு எந்த வீட்டுல யாரு மாத்திரைய நிறுத்திட்டாங்கனு வரைக்கும் தெரியும். மையம் அவங்களோட சேந்து வேலை பாக்கணும், ஆனா அவங்க தலையில சர்வே வேலைய சும்மா கட்டிரக் கூடாது, ஏற்கனவே கொறஞ்ச ஊக்கத்தொகைக்கு ஓடுறாங்க, கூட வேலை குடுத்தா கூட காசு குடுக்கணும்.

ஆக என் முடிவு இதுதான்: மையத்தோட வாசல் கருமாத்தூர் செக்கானூரணி பக்கம் இருக்கட்டும், ஃப்ரீசரும் கணக்கு வழக்கும் கேம்பஸ்ல இருக்கட்டும், ஜிஎச்சுக்கு ஆள அனுப்புற வழி எழுத்துல உறுதியா இருக்கட்டும். கேம்பஸும் கிராமமும் ஒரே தேனி ரோட்ல இருக்குறது மதுரைக்குக் கெடச்ச அதிர்ஷ்டம், ஜிஎச்சுக்கும் கிராமத்துக்கும் நடுவுல கேம்பஸ் நிக்குது. மூணுல ஒண்ணுதான் முடியும், காசு அவ்வளவுதான்னா நான் கிராமத்தத்தான் சொல்லுவேன். லேப் வேலைய வாடகைக்குக் குடுத்து வாங்கலாம், ஸ்பெஷலிஸ்ட்ட போய்ப் பாத்துக்கலாம், இருபது வருசமா கதவத் தொறந்து விடுற வீட்ட எங்கயும் வாங்க முடியாது. பெரிய கட்டடம் இல்லாம ஆரம்பிக்கலாமானு தயங்க வேண்டாம், அரவிந்த் கண் ஆஸ்பத்திரி 1976ல இதே ஊருல 11 படுக்கையோடதான் ஆரம்பிச்சுச்சு, இன்னைக்கு சுகர்ல கண்ணு கெடுறத கம்ப்யூட்டர் கண்டுபிடிக்கிற கூகுள் ஆராய்ச்சிக்கே அங்க எடுத்த படங்களும் கைகுடுத்துச்சு. அந்த ஆஸ்பத்திரி வளந்ததே எப்படி, கேம்ப் போட்டு ஊருக்குள்ள போயி.

கணக்கும் ஒண்ணும் மலைக்கிற அளவு இல்ல. 5,000 பேர எடுத்துக்கங்க, வருசத்துக்கு 250 நாள் வேலைனா ஒரு நாளைக்கு இருபது பேரு, நாலு ஃபீல்டு ஸ்டாஃப் இருந்தா ஆளுக்கு அஞ்சு பேரு, ரிப்போர்ட் குடுக்கப் போறதும் சேத்து சரியா இருக்கும். ஒரு ஆளுக்கு ஆறு குட்டி ட்யூப் வச்சாலும் முப்பதாயிரம், பெரிய ஃப்ரீசர் ஒண்ணுல அடங்கிரும், ஆனா ரெண்டு வாங்குங்க, பாதிய இதுல பாதிய அதுல வச்சு ரெண்டையும் வேற வேற கரண்ட் லைன்ல மாட்டுங்க. அலாரம் ரூம்ல அடிச்சா பத்தாது, மூணு பேரு போனுக்கு வரணும், அதுல ஒருத்தராவது கேம்பஸுக்குள்ள குடியிருக்குறவரா இருக்கணும். ஃபீல்டு ஸ்டாஃப்ப அந்தந்த ஊருப் பொண்ணுங்களா எடுங்க, பதினோரு மாசம்னு எடுக்காதீங்க, அஞ்சு வருசம்னு எடுங்க, மெஷின் பட்ஜெட்டுல ஒண்ணக் கொறச்சாவது எடுங்க. அவ மாறிட்டா அவளுக்குத் தெரிஞ்ச அறுநூறு வீடும் மையத்த விட்டுப் போயிரும்.

கருமாத்தூர் பக்கம் வாடகைக்கு வீடு பாக்கப் போறப்ப என்னையும் கூப்புடுங்க, பஸ் நிக்கிற எடத்துல இருந்து அப்பத்தா ஒண்ணு நடந்து வர்ற தூரமா இருக்கானு நான் நடந்து பாத்துச் சொல்றேன். வாசப்படி ஒசரமா இல்லாம, பொம்பளைங்களுக்குத் தண்ணியோட ஒரு கக்கூஸ் இருக்கணும், யூரின் சாம்பிளும் எடுக்கணும்ல.